அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர் சங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின மாணவர்களுக்காக இயங்கும் சங்கங்கள், பண்பாட்டு மையங்கள், படிப்பு வட்டங்கள் பற்றிய பக்கம் இது. சங்கம் தொடங்க நினைப்பவர்கள், பொறுப்பேற்றவர்கள், பக்கத்தில் நின்று உதவ விரும்புபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். விதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

தனியாக ஒரு சங்கம் எதற்கு? எல்லோருக்கும் பொதுவான மாணவர் அமைப்பு போதாதா?

முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் வேதியியல் வகுப்பை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு கறுப்பின மாணவி நிமிர்ந்து பார்த்தால் தன்னைப் போல் இன்னும் மூன்று பேர் தெரிவார்கள், சில நாள் அவர்களும் வந்திருக்க மாட்டார்கள். ஆய்வகத்தில் இருவர் இருவராகப் பிரியச் சொன்னால் கடைசியில் மிஞ்சுவது அவள்தான். முந்தைய ஆண்டுத் தேர்வுத்தாள், எந்தப் பேராசிரியர் கடிதம் எழுதித் தருவார், எந்தக் கோடைப் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் வருவதில்லை. நண்பர்கள் வாய்வழியாகவே பரவும். அந்த நட்பு வட்டத்துக்கு வெளியே நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பின்தங்கிப் போவார். சங்கத்தின் முதல் வேலை, அந்தப் பேச்சு நடக்கும் மேசையை உண்டாக்கி அவருக்கு ஒரு நாற்காலி போடுவது.

ஹோவர்ட், ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் போன்ற, கறுப்பினத்தவருக்காகவே எழுந்த கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கே வகுப்பே அந்த மேசைதான்.

இந்தச் சங்கங்கள் எப்போது, எப்படித் தொடங்கின?

‘பிளாக் ஸ்டூடன்ட் யூனியன்’ (கறுப்பின மாணவர் ஒன்றியம்) என்ற பெயர் பரவியது 1966-க்குப் பிறகு. அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் அதுவரை ‘நீக்ரோ மாணவர் சங்கம்’ என்று இருந்தது இந்தப் பெயரைச் சூடியது. 1968 நவம்பர் 6 அன்று அந்த ஒன்றியமும் மற்ற சிறுபான்மை மாணவர்களின் கூட்டணியும் வகுப்புகளைப் புறக்கணித்தன. வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. அதன் பயனாக இனவியல் கல்விக்கென்று தனிப் புலமே அங்கே பிறந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1970-இல் ‘கறுப்பினச் செயல் இயக்கம்’ நடத்திய போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை, 1973-74 கல்வியாண்டுக்குள் மாணவர்களில் 10 விழுக்காட்டினர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்பது. நிர்வாகம் அந்த இலக்கை ஏற்றது, ஆனால் எட்டவே இல்லை. 2014 தொடக்கத்தில் அங்குள்ள மாணவர்கள் வைத்த ஏழு கோரிக்கைகளில் அதே 10 விழுக்காடு மறுபடியும் இடம்பெற்றது. இன்று சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. நிர்வாகம் ஒன்றை ஒப்புக்கொண்டால், எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகம், எந்த நிதியில் செய்யும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

1960-களுக்கு முன்பும் இத்தகைய அமைப்புகள் இருந்தன. 1906-இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா சகோதர சங்கம், படிப்புக்கும் ஆதரவுக்குமான சிறு வட்டமாகத்தான் முளைத்தது.

எத்தனை வகை அமைப்புகள் இருக்கின்றன? எங்கே போய் என்ன கேட்பது?

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. பண்பாட்டு மையம் என்பது பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்து நடத்தும் அலுவலகம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பண்பாட்டு மையம் 1969-இல் உருவானது. மிச்சிகனின் டிராட்டர் இல்லம் 1971-இல் திறக்கப்பட்டு, 2019-இல் வளாகத்தின் நடுவே புதுக் கட்டடத்துக்கு வந்தது. மாணவர் ஒன்றியம் இதிலிருந்து வேறு. அதை நடத்துவது மாணவர்கள், தேர்ந்தெடுப்பதும் அவர்களே, பணமும் மாணவர் கட்டணத்திலிருந்து வருகிறது. இந்த வேறுபாடு சட்டக் கேள்விகளில் பெரிதாக விசுவரூபம் எடுக்கும், கீழே வருகிறது.

துறைவாரிச் சங்கங்கள் படிப்புக்கும் வேலைக்கும் கைகொடுப்பவை. மருத்துவ மாணவர்களுக்கான எஸ்.என்.எம்.ஏ. 1964-இல் தொடங்கியது. சட்ட மாணவர் சங்கம் 1968-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில். பொறியியல் மாணவர்களுக்கான தேசியச் சங்கமான என்.எஸ்.பி.இ. 1975-இல் பர்டியூவில் உருவானது. முதலாண்டுப் பொறியியல் மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வரத் தயங்கினாலும் என்.எஸ்.பி.இ.யின் வேலைவாய்ப்புச் சந்தைக்குக் கட்டாயம் போக வேண்டும்.

‘டிவைன் நைன்’ எனப்படும் ஒன்பது சகோதர, சகோதரிச் சங்கங்கள் தனி உலகம். ஒன்பதில் ஐந்து ஹோவர்டில் பிறந்தவை. அவற்றின் பொது மன்றம் 1930-இல் அமைந்தது. இவற்றில் நினைத்தவுடன் சேர முடியாது. மதிப்பெண் சராசரி, சேவை மணி நேரம், பரிந்துரைக் கடிதம் எல்லாம் பார்ப்பார்கள். சேர்க்கையின்போது அடி, தூக்கம் கெடுத்தல், அவமானப்படுத்தல் போன்ற எதுவும் நடந்தால் அது குற்றம். அந்தச் சங்கங்களின் தலைமையே அதைத் தடை செய்திருக்கிறது. ‘மரபு’ என்று யாராவது சொன்னால் நம்பாமல் விலகி வந்து புகார் கொடுங்கள்.

நைஜீரியாவிலிருந்து அல்லது ஜமைக்காவிலிருந்து வந்த மாணவர் எதில் சேர்வது?

எதிலும் சேரலாம், ஒன்றுக்கு மேற்பட்டதிலும் சேரலாம். பல வளாகங்களில் ஆப்பிரிக்க மாணவர் சங்கம், கரீபிய மாணவர் சங்கம், எத்தியோப்பிய-எரித்திரிய மாணவர் சங்கம் என்று தனித்தனியே உண்டு. வரலாறு வேறு, வீட்டு மொழி வேறு, சாப்பாடு வேறு. அட்லாண்டாவில் ஐந்து தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பெண்ணும் லாகோஸிலிருந்து சென்ற மாதம் வந்திறங்கிய பையனும் ‘கறுப்பினத்தவர்’ என்ற ஒரே சொல்லை ஒரே பொருளில் கேட்பதில்லை. சங்கத்துக்குள் உரசல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ‘எங்கள் போராட்டம் உங்களுக்குப் புரியாது’ என்று ஒரு பக்கம், ‘எங்களை வந்தேறிகளாகப் பார்க்கிறார்கள்’ என்று மறுபக்கம்.

பேசித் தீர்ப்பதற்கு முன்னால் நாட்காட்டியைச் சரிசெய்யுங்கள். ஒன்றியத்தின் பொதுக்கூட்டமும் ஆப்பிரிக்கச் சங்கத்தின் பண்பாட்டு இரவும் ஒரே வெள்ளிக்கிழமை வந்தால் இருவருக்கும் அரங்கு பாதி காலி, மனத்தாங்கல் முழுசு. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எல்லாச் சங்கத் தலைவர்களும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செமஸ்டர் முழுவதற்கும் தேதி பிரித்துக்கொண்டால் சண்டைகளில் பெரும்பகுதி பிறக்காமலே போகும்.

கறுப்பினத்தவர் அல்லாதவர் வரலாமா? தமிழ் மாணவர்கள் போகலாமா?

வரலாம். பதிவு பெற்ற மாணவர் அமைப்புகளின் உறுப்பினர் சேர்க்கை எல்லா மாணவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே பல்கலைக்கழகங்களின் பொதுவிதி. கூட்டாட்சி நிதி பெறும் நிறுவனங்களில் இன அடிப்படையில் விலக்குவதை 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு தடை செய்கிறது. சங்கத்தின் பெயரும் நோக்கமும் கறுப்பின மாணவர்களைப் பற்றியதாக இருப்பதில் தடை இல்லை, கதவை மூடுவதில்தான் தடை.

போகும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் சில கூட்டங்களில் கேளுங்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள், கடைசி வரை இருந்து மேசை துடையுங்கள். ‘எங்கள் ஊரிலும் சாதி இருக்கிறது’ என்று உடனே ஒப்பிட்டுப் பேசத் தொடங்காதீர்கள். ஒப்பீடு தவறில்லை, பேச நல்ல நேரம் வரும். அதற்கு முன்னால், நம் வீடுகளில் நிறத்தைப் பற்றிப் பேசும் பேச்சை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். விடுதியில் கறுப்பின அறைத் தோழரைப் பற்றித் தமிழில் பேசினால் புரியாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தொனி எந்த மொழியிலும் புரியும்.

எங்கள் வளாகத்தில் சங்கமே இல்லை. தொடங்க என்ன செய்ய வேண்டும்?

மாணவர் செயல்பாட்டு அலுவலகத்தில் பதிவுப் படிவம் இருக்கும். குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சங்க விதித்தொகுப்பு, தலைவர், பொருளாளர், பணியாளர் அல்லது பேராசிரியர் ஒருவர் ஆலோசகராகக் கையெழுத்து ஆகியவற்றைக் கேட்பார்கள். பொறுப்பாளர்களுக்கு மதிப்பெண் சராசரி வரம்பும் உண்டு. பல இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத சங்கத்தின் பணம் முடங்கும், அரங்கு முன்பதிவும் ரத்தாகும். வசந்த காலத்தில் பட்டம் பெற்றுப்போன தலைவரின் மின்னஞ்சலுக்கு நினைவூட்டல் போய்க்கொண்டே இருக்க, இங்கே யாருக்கும் தெரியாமல் பதிவு காலாவதியாவது அடிக்கடி நடக்கும் விபத்து. சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி எடுங்கள், கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும்.

விதித்தொகுப்பில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். உறுப்பினர் சேர்க்கை எல்லோருக்கும் திறந்தது என்ற வரி தெளிவாக இருக்கட்டும். தேர்தல் மார்ச் மாதத்தில் என்று எழுதுங்கள். மே என்று எழுதினால் தேர்வுக் காய்ச்சலில் யாரும் வர மாட்டார்கள், புதியவர்களுக்குப் பழகிக்கொள்ள நாளும் இருக்காது. கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகையை விழுக்காட்டில் எழுதாதீர்கள். அஞ்சல் பட்டியலில் இருநூறு பெயர் இருந்தால் பாதி என்பது நூறு பேர், எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. ‘பொறுப்பாளர்களில் பெரும்பான்மையும் உறுப்பினர் பத்துப் பேரும்’ என்பது போல எண்ணால் எழுதுவது நல்லது.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது வளாகத்தில் இருக்கும் ஒரே கறுப்பினப் பேராசிரியரிடமே எல்லோரும் போய் நிற்கிறார்கள். அவர் ஏற்கெனவே பத்துக் குழுக்களில் இருப்பார். நூலகர், நிதியுதவி அலுவலக ஊழியர், விடுதிப் பொறுப்பாளர் யாராக இருந்தாலும் கதவு திறந்திருக்கும் ஆளாகப் பாருங்கள். நிதியுதவி அலுவலகத்தில் வேலை செய்பவர் ஆலோசகராக அமைந்தால் அது பெரும் பலம்.

பணம் எங்கிருந்து வரும்?

மாணவர் செயல்பாட்டுக் கட்டணத்திலிருந்து மாணவர் பேரவை பிரித்துக் கொடுக்கும். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் வசந்த செமஸ்டரிலேயே முடிந்துவிடும், செப்டம்பரில் கேட்டால் மிச்சம் மீதிதான். பொதுப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பணத்தைச் சங்கத்தின் கருத்தைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதை 2000-இல் உச்ச நீதிமன்றம் விஸ்கான்சின் வழக்கில் உறுதிப்படுத்தியது. உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பணத்தில் வழுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். சொந்தக் கார்டில் வாங்கிவிட்டுத் திரும்பப் பெறலாம் என்று ஒரு மாணவி நானூறு டாலருக்குச் சாப்பாடு வாங்குவாள். பணம் வர ஆறு வாரமாகும், அதற்குள் அவள் வாடகை தேதி வந்துவிடும். முடிந்த வரை பல்கலைக்கழகமே நேரடியாகக் கடைக்குச் செலுத்தும் வழியைக் கேளுங்கள். பேச்சாளர் ஒப்பந்தத்தில் மாணவர் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால், நிகழ்ச்சி ரத்தானாலும் அந்தத் தொகைக்கு அவரே பொறுப்பாளி ஆகக்கூடும். ஒப்பந்தத்தை அலுவலகத்துக்கு அனுப்புங்கள், பேச்சாளரின் வரிப் படிவத்தையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர் பொருளாளராகவோ தலைவராகவோ இருக்கலாம். அந்தப் பொறுப்புக்கு ஊக்கத்தொகை உண்டு என்றால் மட்டும், ஏற்பதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அது வேலையாகக் கருதப்பட்டால், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் வந்து சேரும்.

முதல் கூட்டத்துக்கு எண்பது பேர் வந்தார்கள், மூன்றாவதற்குப் பன்னிரண்டு பேர். என்ன தவறு?

பெரும்பாலும் தவறு எதுவும் இல்லை, வீட்டுப்பாடம் தொடங்கிவிட்டது. சில வேளை தவறு இருக்கும்: ஒவ்வொரு முறையும் வேறு அறை, வேறு நாள். அல்லது ஒன்றரை மணி நேரமும் பொறுப்பாளர்களே பேசினார்கள். அல்லது வந்த புதியவரிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. ஒரே அறை, ஒரே கிழமை, ஒரே நேரம் என்று செமஸ்டர் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இருவர் நிற்கட்டும், அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். வந்தவரின் பெயர், ஊர், பாடம் கேட்டு, அதே பாடம் படிக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார வைப்பதுதான் அவர்கள் பணி. இந்தச் சிறு காரியத்தைச் செய்யும் சங்கத்துக்கு அடுத்த வாரமும் ஆள் வரும்.

சங்கம் என்றால் கொண்டாட்டமும் போராட்டமும்தானே? படிப்புக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும், ஆனால் தானாக உதவாது. இந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் கேள்வி இது.

1970-களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதம் பயிற்றுவித்த யூரி டிரைஸ்மன், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் இவ்வளவு பேர் தோற்கிறார்கள் என்று தேடினார். அக்கறை இல்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கமில்லை, வறுமை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன மாணவர்களையும் பல மாதங்கள் கூடவே இருந்து கவனித்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்னபடி உழைத்தார்கள்: வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டு, வாரத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், தனியாக. நண்பர்கள் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். சீன மாணவர்கள் தனியாகப் படித்தபின் மாலையில் கூடி உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே விடைகளை ஒப்பிட்டார்கள். ஒருவர் தப்பு செய்தால் மற்றவர் பிடித்தார். எல்லோருக்கும் ஒரே கணக்கு வரவில்லை என்றால் கணக்குதான் கடினம், நாம் முட்டாள் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். தனியாக உட்கார்ந்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

இதைப் பார்த்து அவர் அமைத்த பயிற்சி வட்டம், பின்தங்கியவர்களுக்கான வகுப்பாக இருக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கூடிச் செய்யும் இடமாக இருந்தது. சேர்ந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்தது. பிறகு பல பல்கலைக்கழகங்கள் இம்முறையை எடுத்துக்கொண்டன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் அது 1988-இல் தொடங்கியது. அதே 1988-இல் மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் உருவான மேயர்ஹாஃப் திட்டமும், வகுப்பு தொடங்குமுன் கோடையில் மாணவர்களை ஒன்றாகத் தங்கவைத்துக் கூடிப் படிக்கப் பழக்குகிறது. முதலில் கறுப்பின இளைஞர்களுக்காகத் தொடங்கிய அத்திட்டம் 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் திறந்தது. முறை மாறவில்லை.

நண்பர்கள் கூடும் மேசையும் படிக்கும் மேசையும் ஒன்றாக இருக்க வேண்டும். விருந்து மட்டும் நடத்தும் சங்கத்தில் மாணவர் மகிழ்ச்சியாக இருப்பார், இரண்டாம் ஆண்டில் வளாகத்தில் இருக்க மாட்டார். டியூஷன் மட்டும் நடத்தினால் வெட்கப்பட்டு ஆளே வராது.

அப்படியொரு படிப்பு வட்டத்தை நாங்களே நடத்தலாமா? எப்படி?

நடத்தலாம். ஒரு பாடத்தில் தொடங்குங்கள். அதிகம் பேர் விழும் பாடமே சரியான பாடம், வழக்கமாக நுண்கணிதம் அல்லது பொது வேதியியல். வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மாலை ஆறு மணிக்கு. இரவு ஒன்பதுக்கு வைத்தால் விடுதிக்கு வெளியே தங்கி வேலைக்கும் போகிறவர்கள் வர முடியாது. மேசைக்கு நான்கு பேர். ஆறு பேரானால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். மேசைக்கு ஒரே ஒரு வெள்ளைத்தாளும் ஒரே பேனாவும் வையுங்கள், அப்போதுதான் பேசுவார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தால் தலை கவிழ்ந்து தனித்தனியே எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

தாளில் ஆறு கணக்குகள் போதும். இரண்டு தேர்வில் வருவது போல, இரண்டு அதைவிடக் கடினம், ஒன்று பள்ளியில் விட்டுப்போன அடிப்படையைத் தொடுவது, ஒன்று வாதாட வைப்பது. வாதாட வைக்கும் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘எங்கும் தொடர்ச்சியாக இருந்து, சரியாக மூன்று இடங்களில் மட்டும் வகையிட முடியாத ஒரு சார்பை எழுதுங்கள்.’ ஒருவர் கோட்டை நடுவில் வெட்டி வரைவார். பக்கத்தில் இருப்பவர், ‘வெட்டினால் தொடர்ச்சி போயிற்றே’ என்பார். பிறகு கூர்முனை போதும் என்று ஒருவருக்குத் தோன்றும். x-இன் மட்டு மதிப்பை வரைவார்கள், ஒரு முனை கிடைக்கும். மூன்று முனைக்கு என்ன செய்ய? x, x−1, x−2 மூன்றின் மட்டு மதிப்புகளைக் கூட்டலாம் என்று கண்டுபிடிக்கும்போது அந்த மேசையில் சத்தம் கேட்கும். வரையறையை நூறு முறை படித்தாலும் இவ்வளவு பதியாது.

வட்டத்தை நடத்துபவர், அந்தப் பாடத்தில் நன்றாகத் தேறிய இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு மாணவர். அவர் சுண்ணக்கட்டியைத் தொடக் கூடாது என்பதே முதல் விதி. தொட்டால் விரிவுரை தொடங்கும், மற்றவர்கள் குறிப்பெடுக்க ஆரம்பிப்பார்கள், வட்டம் செத்துப்போகும். ‘நீ ஏன் அப்படி நினைத்தாய்?’ என்று கேட்டுக்கொண்டே மேசைக்கு மேசை நகர்வதுதான் அவர் வேலை.

கெட்டுப்போகும் மற்ற வழிகள்: வீட்டுப்பாடம் முடிக்கும் நேரமாக மாறிவிடுவது. ‘பலவீனமானவர்களுக்கு உதவி’ என்று சுவரொட்டியில் எழுதுவது. முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்த பிறகு தொடங்குவது. முதல் இடைத்தேர்வு நான்காவது, ஐந்தாவது வாரத்தில் வந்துவிடும், எனவே வட்டம் முதல் வாரமே தொடங்க வேண்டும். சேர்க்கை எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். வெள்ளை, ஆசிய மாணவர்களும் வந்து உட்காருவார்கள், நல்லதே. மேசை பிரிக்கும்போது மட்டும் எந்த மேசையிலும் ஒரு கறுப்பின மாணவர் தனித்துப் போகாதபடி, அவரவர் நண்பரோடு வந்து உட்காரச் சொல்லுங்கள்.

மூத்த மாணவர் வழிகாட்டுதல் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

‘ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடு’ என்று சொல்லி விட்டுவிடுவதால். யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு மூத்தவருக்கு மூன்று புதியவர்களுக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம், தேதி குறித்து. கேட்க வேண்டியதையும் எழுதிக் கொடுங்கள்: எல்லாப் பாடத்தின் தேர்வுத் தேதியும் குறித்தாயிற்றா, எந்தப் பேராசிரியரை அலுவலக நேரத்தில் போய்ப் பார்த்தாய், பாடத்தைக் கைவிடக் கடைசி நாள் என்றைக்கு, கணக்கில் பாக்கி உண்டா.

அந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். சில நூறு டாலர் பாக்கிக்காக அடுத்த செமஸ்டர் பதிவு முடக்கப்பட்டு, அப்படியே படிப்பை விட்டுப் போனவர்கள் ஏராளம். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-இல் இத்தகைய சிறு பாக்கியை அடைக்கும் உதவித்தொகையைத் தொடங்கியது, பட்டத்தை நெருங்கியவர்கள் வெளியேறாமல் காக்க. உங்கள் வளாகத்திலும் அவசர உதவி நிதி இருக்கக்கூடும், மாணவர் நலத் தலைவர் அலுவலகத்தில் கேளுங்கள். கூட்டாட்சி நிதியுதவி தொடர, எடுத்த கிரெடிட்களில் பல இடங்களில் 67 விழுக்காட்டையாவது முடித்திருக்க வேண்டும். இரண்டு பாடத்தைக் கைவிட நினைக்கும் மாணவர் முதலில் நிதியுதவி அலுவலகத்தில் கணக்குப் பார்த்துவிட்டுக் கைவிடட்டும்.

புதிதாக வருபவருக்கு முதல் வாரம் என்ன தேவை?

முடி. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். சிறு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சுருள் முடியை வெட்டத் தெரிந்த நாவிதர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். பின்னல் போட ஐம்பது மைல் பேருந்தில் போக வேண்டியிருக்கும். பக்கத்துக் கடையில் ஏற்ற எண்ணெயோ ஷியா வெண்ணெயோ, இரவில் கட்டும் பட்டுத் துணித் தொப்பியோ கிடைக்காது. ஒரு பக்கத் தாள் அச்சிடுங்கள்: யார் பின்னல் போடுவார், எவ்வளவு நேரம் ஆகும், எந்தக் கடையில் எது கிடைக்கும், எந்தத் தேவாலயத்திலிருந்து ஞாயிறு காலை வண்டி வரும், மசூதி எங்கே, மேற்கு ஆப்பிரிக்கச் சமையல் பொருள் எங்கே. ஆகஸ்டில் தொலைபேசி செய்து சரிபார்த்துவிட்டு அச்சிடுங்கள், மூடிப்போன கடையின் பெயர் தாளில் இருந்தால் நம்பிக்கை போய்விடும். விடுதியில் குடியேறும் நாளில் பெற்றோர் கையில் இந்தத் தாளைக் கொடுத்துப் பாருங்கள், அவர்கள் முகம் தெளியும்.

இனவெறிச் சம்பவம் நடந்தால்?

முதலில் பாதிக்கப்பட்டவர் இப்போது எங்கே, இன்றிரவு எங்கே தூங்குவார், கூட யார் இருப்பார் என்பதைப் பாருங்கள். பிறகு அன்றே எழுதுங்கள்: நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, பார்த்தவர்கள் பெயர். கதவில் எழுதியிருந்தால் துடைப்பதற்கு முன் தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று என்று படம் எடுங்கள். செய்தியை அழிக்காதீர்கள்.

புகார் எங்கே போகிறது என்று தெரிந்து கொடுங்கள். வளாகக் காவல் குற்றத்தைப் பார்க்கும். மாணவர் ஒழுங்கு அலுவலகம் பல்கலைக்கழக விதி மீறலைப் பார்க்கும். சம வாய்ப்பு அலுவலகம் இனப் பாகுபாட்டைப் பார்க்கும். ஒன்றில் கொடுத்தது மற்றொன்றுக்குத் தானாகப் போகும் என்று நம்பி இருக்காதீர்கள். கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் செய்ய, பொதுவாகச் சம்பவம் நடந்து 180 நாட்களுக்குள் செய்ய வேண்டும். உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுபவர்கள் உண்டு.

பாதிக்கப்பட்டவர் பேச விரும்பாவிட்டால் சங்கம் அவர் பெயரைச் சொல்லக் கூடாது. போராட்டத்துக்கு அவர் கதை தேவைப்படலாம். அவர் சம்மதம் அதற்கு முன்னால் வர வேண்டும்.

மனநலத்துக்குச் சங்கம் என்ன செய்ய முடியும், என்ன செய்யக் கூடாது?

கூட இருக்கலாம், சிகிச்சை செய்ய முயலக் கூடாது. வளாக ஆலோசனை மையத்தில் கறுப்பின ஆலோசகர் இருக்கிறாரா, இல்லையென்றால் வெளியே யாரிடம் அனுப்புகிறார்கள், காப்பீடு எத்தனை அமர்வுகளுக்குத் தருகிறது என்று சங்கமே கேட்டு எழுதி வைத்தால், தேவைப்படும் நாளில் மாணவர் தேட வேண்டியிருக்காது. ஆலோசகரை மாதம் ஒரு முறை சங்க அறைக்கே அழைத்து உட்கார வைக்கும் ஏற்பாடு நன்றாக நடக்கும். பார்த்த முகம் என்றால் பிறகு தனியாகப் போகத் தயக்கம் குறையும். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் நாடு முழுவதும் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இப்போதைய சட்டங்களால் இந்தச் சங்கங்கள் மூடப்படுமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸின் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் பொதுப் பல்கலைக்கழகங்களில் பல இன மாணவர்களையும் சேர்த்து ஆதரிக்க நடந்த பன்முகத்தன்மை அலுவலகங்களைத் தடை செய்தது. யூட்டாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இதுபோன்ற சட்டத்தை அடுத்து யூட்டா பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பண்பாட்டு மையம் மூடப்பட்டது. அலபாமா பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு கறுப்பின மாணவர் ஒன்றியம் தன் அறையை இழந்தது.

பண்பாட்டு மையத்துக்கும் மாணவர் ஒன்றியத்துக்கும் இடையே மேலே சொன்ன வேறுபாடு இங்கேதான் வேலை செய்கிறது. இச்சட்டங்கள் முக்கியமாகக் குறிவைப்பது பல்கலைக்கழகம் தானே நடத்தும் அலுவலகத்தையும் பணியாளரையும். டெக்சஸ் சட்டம் பதிவு பெற்ற மாணவர் அமைப்புகளின் செயல்பாடுகளுக்கு விலக்கே தருகிறது. ஒரு மாணவர் அமைப்பின் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பொதுக் கல்லூரி அதற்கு அங்கீகாரம் மறுக்க முடியாது என்று 1972-இல் ஹீலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே சங்கம் இருக்கும். அறை, சம்பளப் பணியாளர், மையத்தின் நிதி ஆகியவைதான் போகக்கூடும். எது அனுமதி, எது இல்லை என்று வதந்தியை நம்பி நீங்களே நிகழ்ச்சிகளை ரத்து செய்யாதீர்கள். மாணவர் செயல்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பயத்தில் சட்டம் கேட்டதைவிட அதிகமாகக் கைவிடுவது பல இடங்களில் நடந்திருக்கிறது.

அறை பறிபோனால் என்ன செய்வது?

நூலகத்தில் குழு அறையை ஒரே நாள், ஒரே நேரம் என்று செமஸ்டருக்கு முன்பதிவு செய்யுங்கள். அருகிலுள்ள கறுப்பினத் தேவாலயங்கள் காலங்காலமாக மாணவர்களுக்குக் கூடம் கொடுத்து வந்திருக்கின்றன, கேளுங்கள். சுவரில் இருந்த புகைப்படங்கள், பழைய அறிக்கைகள், பதாகைகள் எங்கே போகின்றன என்பதைக் கேட்டு, பட்டியல் எழுதி, பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். அவசரத்தில் பெட்டியில் போட்டு அடித்தளத்தில் வைத்தால் ஈரத்தில் மட்கிவிடும். பட்டமளிப்பின்போது கென்டே என்ற மேற்கு ஆப்பிரிக்க நெசவுத் துணியில் அங்கவஸ்திரம் அணிவிக்கும் கறுப்பின மாணவர் விழா வளாகத்தில் நடக்க வழியில்லாமல் போனால், முன்னாள் மாணவர்கள் வெளியே மண்டபம் எடுத்து நடத்தலாம். அதற்கு அவர்கள் முகவரிப் பட்டியல் சங்கத்திடம் இருக்க வேண்டும், மூடப்படப்போகும் அலுவலகத்தின் கணினியில் மட்டும் இருந்தால் போயிற்று.

ஒவ்வோர் ஆண்டும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறோம். எப்படித் தவிர்ப்பது?

பொறுப்பாளர்கள் களைத்துப்போய்க் கடைசி மாதத்தில் மறைந்துவிடுவதால் இது நடக்கிறது. ஒரே ஆள் மூன்று பொறுப்பு வகிக்க விடாதீர்கள். மார்ச்சில் தேர்தல் முடிந்ததும் பழையவரும் புதியவரும் ஏப்ரல் முழுக்கச் சேர்ந்து வேலை செய்யட்டும். ஒப்படைக்கும் கோப்பில் இவை இருக்க வேண்டும்: மின்னஞ்சல் கடவுச்சொல், கணக்கு இருப்பு, வராத பாக்கி, பதிவு புதுப்பிக்கும் தேதி, நிதி விண்ணப்பத்தின் கடைசி நாள், அரங்கு முன்பதிவு செய்பவரின் பெயர், போன ஆண்டு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வந்தவர் எண்ணிக்கை, எவ்வளவு சாப்பாடு மிஞ்சியது, படிப்பு வட்டத்தின் கணக்குத் தாள்கள். நிர்வாகத்தோடு நடந்த ஒவ்வொரு சந்திப்பின் பிறகும் ‘இன்று நீங்கள் ஒப்புக்கொண்டவை’ என்று அன்றே அனுப்பிய மின்னஞ்சலின் நகலும் அதில் சேரட்டும். நான்காண்டில் மாணவர்கள் எல்லோரும் மாறிவிடுவார்கள், எதிரே உட்காரும் அதிகாரி மாறியிருக்க மாட்டார். அவருக்கு நினைவில்லாததைக் கோப்பைத் திறந்து காட்டலாம்.